லாரி, பஸ் ஓட்டுநருக்கான மருத்துவச் சான்று: கண் பரிசோதனை முதல் உரிமம் புதுப்பிப்பு வரை

நாமக்கல்லில் ஒரு லாரிக்கு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, புதுப்பிக்கும் நாள் வருகிறதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வண்டி பட்டறை ஏறிவிடும். பிரேக் லைனிங் மாற்றுவார்கள், ஸ்டியரிங் ஆட்டம் பார்ப்பார்கள், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் போய் நிற்கும்போது வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். அதே வண்டியை ராத்திரி முழுக்க ஓட்டுகிற ஆளுக்கு ஒரு எஃப்.சி. உண்டு. அதன் பெயர் படிவம் 1ஏ, ஓட்டுநரின் உடல்தகுதிக்கு மருத்துவர் தரும் சான்று. பெரும்பாலும் அது ஜெராக்ஸ் கடையில் வாங்கிய ஒரு தாள், யாரோ போட்ட ஒரு கையெழுத்து, அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. கண்ணை யாரும் பார்ப்பதில்லை.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் என்ற முறையில் இந்தத் தாளை நான் தினமும் கையில் எடுக்கிறேன். இதை ஒழுங்காகச் செய்தால் உரிமம் போய்விடுமோ என்று பயப்படுகிற ஓட்டுநர்கள் நிறைய. உண்மை நேர்மாறானது. உரிமம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே முறையாகப் பரிசோதித்துக்கொண்டவரின் உரிமம்தான் பத்திரமாக இருக்கும். அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில், உங்களுக்குச் சான்று எப்போது தேவை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989. இந்த இரண்டும்தான் அடிப்படை. சொந்தக் கார், பைக் ஓட்டுபவருக்கு 40 வயது வரை தன் உடல்நிலை பற்றித் தானே எழுதித் தரும் படிவம் 1 போதும். போக்குவரத்து வாகனம், அதாவது லாரி, பஸ், டாக்ஸி, டேங்கர் என்று கூலிக்கோ வாடகைக்கோ ஓடும் வண்டி என்றால் வயது ஒரு கணக்கே இல்லை. 22 வயது ஆளாக இருந்தாலும் மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும்.

ஹெவிக்கு, அதாவது கனரக வண்டிக்கு, எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போடும்போது ஒரு முறை, பிறகு ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு முறை. போக்குவரத்து உரிமத்தின் ஆயுள் முன்பு 3 ஆண்டாக இருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு. கேஸ், பெட்ரோல், ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் அனுமதி மட்டும் 3 ஆண்டுக்குத்தான் செல்லும்.

புதிதாக வருகிற தம்பிகளுக்கு இரண்டு விஷயம். போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்தபட்ச வயது 20. இலகுரக வாகன உரிமம் கையில் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதற்காகப் போலி மார்க் ஷீட் தேடி அலைகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தேதி தவறினால் என்ன ஆகும்

முன்பெல்லாம் உரிமம் முடிந்த பிறகும் 30 நாள் வரை அது செல்லும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அதை நம்பிக்கொண்டு லோடு ஏற்றுகிறார்கள். 2019 திருத்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். முடியும் தேதிக்கு மறுநாளிலிருந்து நீங்கள் உரிமம் இல்லாத ஓட்டுநர். அதற்கான அபராதம் 5,000 ரூபாய். வண்டியை ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000. அபராதத்தைக் கூடக் கட்டிவிடலாம். அந்த இடைவெளியில் ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகராறு செய்ய ஒரு காரணம் கிடைத்துவிடும். நஷ்ட ஈடு முழுவதும் கடைசியில் உரிமையாளர் தலையில் விழலாம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.   முடிந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தாலும் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், ஆனால் அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதுதான்.

படிவத்தில் என்னதான் கேட்கிறார்கள்

படிவம் 1, 1ஏ இரண்டு தாளையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். கையெழுத்து போடுகிற பாதிப் பேர் படிப்பதில்லை.

படிவம் 1 நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்வது. வலிப்பு வருமா, திடீரென்று நினைவு தப்புமா, தலைசுற்றல் உண்டா என்பது முதல் கேள்வி. கை கால் அசைவில், பலத்தில் குறை உண்டா, மாலைக்கண் உண்டா, காது கேட்குமா, ஓட்டுவதை ஆபத்தாக்கும் வேறு ஏதாவது நோய் உண்டா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. கீழே உங்கள் கையெழுத்து. வலிப்பு இருப்பது தெரிந்தே 'இல்லை' என்று போட்டால் அந்தப் பொய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. ஓட்டினால் ஆபத்து என்று தெரிந்தும் அந்த உடல்நிலையோடு ஓட்டுவது தனியாக ஒரு குற்றம். முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000.

படிவம் 1ஏ மருத்துவர் உங்களைப் பற்றிச் சொல்வது. இதில் கண்ணுக்குத்தான் முதலிடம். பார்வைக் குறை உண்டா, உண்டென்றால் கண்ணாடியால் சரியாகியிருக்கிறதா என்று கேட்கிறது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு ஓட்டுநரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பேன். 'கண்ணாடி போட்டா ஹெவி லைசென்ஸ் குடுக்க மாட்டாங்க' என்ற பேச்சு லாரி ஸ்டாண்டுகளில் இன்னமும் உலவுகிறது. படிவமே கண்ணாடிக்கு இடம் வைத்திருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் அது தகுதிக்குறைவே இல்லை.

அடுத்து, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்ற கேள்வி. பிறகு நிறம். இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு சிவப்பும் பச்சையும் உடனே பிரித்தறியாவிட்டால் கதவை மூடிவிடுவார்கள். 2020 ஜூனில் விதியை மாற்றி, லேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் உரிமம் கிடைக்க வழி செய்தார்கள். இப்போது தடையாக இருப்பது கடுமையான அல்லது முழுமையான நிறக்குருடுதான். புள்ளி வட்டத்துக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தில் ஒன்றிரண்டு பக்கம் தவறிப்போனதுமே மனம் உடைந்து திரும்பி வராதீர்கள். குறையின் அளவு என்ன என்று கண் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஒரு கண் பார்வை இழந்தவர்களுக்கும், காதில் கருவி வைத்துக்கொள்பவர்களுக்கும் படிவம் 1-ல் சலுகை உண்டு. ஆனால் அது இலகுரக வாகனத்துக்காக எழுதப்பட்டது. லாரி, பஸ் உரிமத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனாலும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டேங்கர் ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக மூன்று பார்க்க வேண்டும். ஒன்று, எதிர்பாராதது நடந்தால் கை கால் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. இரண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் வருவது தெரிகிறதா. மூன்று, கண் கூசிய பிறகு பார்வை எத்தனை சீக்கிரம் திரும்புகிறது. இந்த மூன்றையும் தானே பரிசோதித்ததாக மருத்துவர் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நாமக்கல் வட்டாரத்தில் கேஸ் டேங்கர் ஓட்டுபவர்கள் அதிகம். அவர்களில் எத்தனை பேரின் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இரண்டு மாதம் முன்பு: தெருவிலேயே ஒரு ஒத்திகை

25 மீட்டர் என்பது 82 அடி. இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். டேப் இருந்தால் அளந்துகொள்ளுங்கள். காலை பத்து மணி வெயிலில் நிறுத்தியிருக்கும் ஒரு கார். உங்களுக்குத் தெரியாத வண்டியாக இருக்கட்டும். உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, மறு கண்ணால் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் படியுங்கள். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கண்ணின் குறையை இன்னொன்று மூடிவிடும். அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

புதுப்பிக்க வந்த ஒரு டிரைவர். 51 வயது. மகாராஷ்டிரா, குஜராத் லைனில் 27 வருடம் ஓடியவர். தாளை நீட்டியபோது, "வாங்கண்ணா, வாசல்ல ஒரு நிமிஷம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். எதிரே ஒரு கார் நின்றது. இரண்டு கண்ணாலும் கடகடவென்று படித்தார். வலது கண்ணை மூடச் சொன்னேன். "டி.என். இருபத்தெட்டு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். கழுத்தை முன்னால் நீட்டினார். "எட்டுங்களா... மூணுங்களா தம்பி?" கையை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ராத்திரியில எதுக்க வர்ற லைட்டு பூ மாதிரி விரிஞ்சு தெரியுதுங்க. ஆறு மாசமா இப்படித்தான். வீட்ல கூடச் சொல்லலீங்க. சொன்னா வண்டியில ஏற விட மாட்டாங்கன்னு பயம்."

இடது கண்ணில் புரை. வெளிச்சம் சிதறித் தெரிவது அதன் பழக்கமான அடையாளம். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், மருத்துவர் சொன்ன ஓய்வை எடுத்தார். அவர் உரிமம் முடிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. தேதிக்கு முன்பே சான்றும் வாங்கிப் புதுப்பித்தும்விட்டார். முடியும் தேதிக்கு முதல் நாள் வந்திருந்தால் அவருக்கும் எனக்கும் வேறு வழி இருந்திருக்காது. பொய்ச் சான்றா, வேலை இழப்பா என்ற இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். நான் இரண்டு மாதம், இரண்டு மாதம் என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான்.

மருத்துவரிடம் போகும்போது

மாநில அரசு இதற்கென அனுமதித்த, பதிவு பெற்ற மருத்துவர்தான் 1ஏ-வில் கையெழுத்திட முடியும். நீங்கள் போகப்போகும் மருத்துவரின் சான்றை உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏற்றுக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி இணையதளத்தில் மருத்துவர்களே பதிவு செய்துகொண்டு சான்றை நேரடியாக ஏற்றும் வசதி வந்திருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போனால் தாள் தொலைந்தது, கையெழுத்து பொருந்தவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: உரிமம், ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியும் அதன் சீட்டும், மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த அட்டை. ராத்திரி லோடு இறக்கிவிட்டு அப்படியே போகாதீர்கள். ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரத்துக்கு டீ, பீடி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள். படியேறிய மூச்சோடு பார்த்தால் இல்லாத பிரஷரும் இருப்பதாகக் காட்டும்.

புகைப்படத்தைப் படிவத்தில் ஒட்டிய பிறகு மருத்துவரின் கையெழுத்து பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. படத்தை மாற்றி அந்தச் சான்றை வேறு ஆள் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. கையெழுத்து படத்தை ஒட்டி ஓரமாக இருந்தால் கவுன்டரில் திருப்பி அனுப்பலாம். பதிவு எண், முத்திரை, தேதி, உங்கள் அடையாளத் தழும்பு அல்லது மச்சம் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ரத்த வகை கட்டாயமில்லை என்றாலும் எழுதி வையுங்கள். ரோட்டில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது எப்போது உதவும் என்று சொல்ல முடியாது.

மருத்துவர் உங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேரடியாகக் கையெழுத்து போடப் போனால், "ஒரு தடவை கண்ணைப் பாத்துடுங்க சார்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

பிறகு சாரதியில்

இது சுலபமான பகுதி. சாரதி தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, உரிமம் புதுப்பித்தல் என்ற சேவைக்குள் போய், உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் விவரம் வரும். படிவம் 1, 1ஏ ஏற்றிக் கட்டணம் கட்டி நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அசல் தாள்களோடு அந்த நாளில் போனால் போதும். ஆபத்தான சரக்கு அனுமதி உள்ளவர்கள் பயிற்சிச் சான்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமத்தில் இருக்கும் செல் நம்பர் பழையதாக இருந்தால் ஓ.டி.பி. வராமல் அங்கேயே சிக்கிக்கொள்வீர்கள். முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

படிவம் கேட்காத மூன்று

இங்கேதான் எனக்கு ஆதங்கம். படிவம் 1ஏ-வில் சர்க்கரை பற்றித் தனிக் கேள்வி இல்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுத இடம் இல்லை. தூக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டுபவருக்குச் சான்று அதிகபட்சம் 2 ஆண்டுக்குத்தான். பிரஷர் 140/90-ஐத் தொட்டுவிட்டால் அந்தக் காலமும் குறையும், சிறுநீரில் சர்க்கரையும் பார்ப்பார்கள். பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுநர் 45 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒரு முறையும் 65-க்கு மேல் ஆண்டுதோறும் மருத்துவச் சான்று தர வேண்டும். இங்கே விதி மாறும் வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. லைனில் இருக்கும் ஆளுக்காக வீட்டுக்காரம்மா வாங்கி வைக்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு, ஸ்டியரிங்கில் இருக்கும்போது அதிகச் சர்க்கரையைவிடக் குறைந்த சர்க்கரைதான் உடனடி எமன். மாத்திரை போட்டுவிட்டு, 'சாப்பாடு அடுத்த தாபாவுல பாத்துக்கலாம்' என்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போடும்போதுதான் அது வரும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பார்வை மங்கும், எரிச்சலாக வரும். அந்த நொடியே வண்டியை ஓரம் கட்டுங்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் பொறுங்கள். அளக்கும் கருவி இருந்தால் 70-க்கு மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடலை மிட்டாயும் பிஸ்கட்டும் அந்த நேரத்துக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும், அவை பிறகு. கேபினில் குளுக்கோஸ் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று க்ளீனருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கத்தில் சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் செருகுவது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது அசதி என்று விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. சளி, அரிப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் தூக்கம் வரவழைப்பவை இருக்கின்றன. வாங்கும்போதே, "வண்டி ஓட்டறேன், தூக்கம் வருமா?" என்று கேளுங்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு என்று சொன்னது. உரிமையாளர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த வரி உங்களுக்கு.

சான்று மறுக்கப்பட்டால்

முதலில் என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடியாலோ அறுவை சிகிச்சையாலோ சரியாவது என்றால் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம், கதவு மூடிவிடவில்லை. உரிமம் தர மறுத்து அல்லது ரத்து செய்து அதிகாரி உத்தரவு போட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இடம் தருகிறது.

அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பணியில் இருக்கும்போது பார்வையோ கை காலோ பாதிக்கப்பட்டு ஊனம் ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவு சொல்கிறது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், அவருக்குப் பொருத்தமான மாற்று வேலை தர வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிப்போவில் "நீ அன்ஃபிட், கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். சங்கத்தில் காட்டுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

தனியார் லாரி ஓட்டுநருக்கு இந்தக் கவசம் இல்லை. அவருக்கு இருப்பது காலண்டர் ஒன்றுதான். உரிமத்தை இப்போதே எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள், அதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதியைச் செல்லில் அலாரமாக வையுங்கள், வீட்டில் இருப்பவர்கள் செல்லிலும் ஒன்று வையுங்கள். அந்தத் தேதியில் நீங்கள் நாக்பூரிலோ இந்தூரிலோ இருந்தால் அவர்கள் ஞாபகப்படுத்துவார்கள்.